கடைக் கமராவும் ஆள் எண்ணும் கருவியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யாழ்ப்பாணம் நகரில் புடைவைக்கடை நடத்துகிறோம். எட்டுக் கமரா இருக்கிறது. போன மாதம் இரண்டு சேலை களவு போனது. எடுத்தவர் உள்ளே வந்தது, பைக்குள் வைத்தது, வெளியே போனது எல்லாம் தெரிகிறது; ஆள் யாரென்று மட்டும் சொல்ல முடியவில்லை. இப்போது இருப்பவை 2 மெகாபிக்சல். 4 மெகாபிக்சலுக்கு மாற்றினால் சரிவருமா?

பதில்: மாற்ற முன்னம் ஒரு ஏணி எடுத்து, வாசல் கமரா நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பதினொரு அடி என்றால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. 3.3 மீற்றர் உயரத்தில் உள்ள கமரா, 2 மீற்றர் தள்ளி நிற்பவரை ஏறக்குறைய 40 பாகை சரிவில் பார்க்கும். கிடைப்பது உச்சி வகிடும் தோளும்தான். அதையே 2.2 மீற்றருக்கு இறக்கி, 3 மீற்றர் தள்ளி எதிரே வரும் முகத்துக்கு நேராகத் திருப்பினால் சரிவு 11 பாகையாகிவிடும். கைக்கு எட்டுமே என்று பயமிருந்தால் உடையாத மூடியுள்ள டோம் வகையைப் போடுங்கள்.

மற்றப் பாதி லென்ஸ். நம்மூரில் பெட்டியோடு வருவது பெரும்பாலும் 2.8 மி.மீ. லென்ஸ். கடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவதால் பொருத்துபவருக்கும் வாங்குபவருக்கும் அதைப் பிடிக்கும். ஆனால் அது 100 பாகைக்கு மேல் விரிந்து பார்ப்பதால், 5 மீற்றர் தூரத்தில் 13 மீற்றர் அகலம் படத்துக்குள் வந்துவிடும். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். 13ஆல் வகுத்தால் மீற்றருக்கு 147. முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் காண மீற்றருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இத்துறையில் பின்பற்றப்படும் அளவுகோல். ஏற்கனவே பழக்கமான ஆளை மட்டுக்கட்ட 125 போதும். அதனால்தான் கடைப் பெடியனைப் படத்தில் உடனே தெரிகிறது, களவெடுத்தவரைத் தெரியவில்லை.

4 மெகாபிக்சல் என்றால் இரட்டிப்புத் தெளிவு என்று நினைப்பது வழக்கம். படத்தின் அகலம் 1920இலிருந்து 2560 ஆகிறது, மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. 147 என்பது 196 ஆகும். இன்னும் 250 வரவில்லை. அதே 2 மெகாபிக்சலில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் 5 மீற்றரில் அகலம் 5 மீற்றரளவாகச் சுருங்கி, மீற்றருக்கு 380 கிடைக்கும். வாசலுக்கு ஒரேயொரு கமராவை அப்படி மாற்றுங்கள். மற்ற ஏழும் இருந்தபடி இருக்கட்டும்.

இன்னொன்று வெளிச்சம். உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கமராவுக்குப் பின்னணியில் தெரு வெயில் அடிக்கும். மேற்குப் பார்த்த வாசலென்றால் பின்னேரம் வருபவர்களெல்லாம் கறுப்பு நிழல்தான். செட்டிங்கில், வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் சமப்படுத்தும் 'டபிள்யூடிஆர்' இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று மட்டும் எழுதியிருந்தால் பெரிதாக உதவாது. 120 டெசிபெல் என்று போட்டிருப்பதே உண்மையானது. ஷட்டர் வேகத்தை வாசல் கமராவில் நூறில் ஒரு செக்கனாக்கிவிட்டால் நடந்து வரும் முகம் இழுபடாது. மின்சார அதிர்வெண் 50 ஹேர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 60இல் விட்டிருந்தால் ரியூப் லைற் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

தலைக்கவசத்தோடு உள்ளே வருபவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வாசலில் ஒரு அறிவித்தல், கூடவே அதைச் சொல்லிக் கழற்ற வைக்க ஒரு ஆள்.

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அழகுசாதன, பரிசுப்பொருள் கடை. நாளுக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று கணக்கெடுக்க விருப்பம். கமரா பொருத்தியவர், இருக்கிற கமராவிலேயே எண்ணும் வசதி உண்டு என்கிறார். இன்னொருவர் வாசலில் பூட்டும் தனிக் கருவி விற்கிறார். கைபேசி வைஃபையை வைத்து எண்ணலாம் என்று மூன்றாமவர். எதை நம்புவது?

பதில்: மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடுவோம். கைபேசிகள் வைஃபை தேடும்போது வெளியிடும் அடையாள எண்ணைப் பிடித்துத்தான் அந்த முறை எண்ணியது. 2014இல் வந்த ஐஓஎஸ் 8, 2017இல் வந்த அண்ட்ரொய்ட் 8 தொடக்கம் கைபேசிகள் அந்த எண்ணை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. ஒரே ஆள் மூன்று பேராவார். வைஃபையை நிறுத்தி வைத்திருப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். கடைக்குள் வராமல் வீதியால் போகிறவரும் சேர்ந்துவிடுவார்.

மூலையில் இருக்கும் சாதாரணக் கமராவில் கோடு கீறி எண்ணும் வசதி, ஒவ்வொருவராக வரும் அலுவலகத்துக்குப் போதும். கடைக்குப் போதாது. சரிவாகப் பார்ப்பதால் முன்னால் வருபவர் பின்னால் வருபவரை மறைப்பார். தாயும் மகளும் கைகோத்து வந்தால் ஒன்று. வாசலில் வெயில் விழுந்தால் நிழலையும் ஆளாக எண்ணும் மலிவுக் கமராக்கள் உண்டு.

தனிக் கருவிகளில் மலிவானது கதிர்வகை. நிலையின் இரு பக்கமும் இடுப்பளவில் ஒவ்வொரு பெட்டி. நடுவே கண்ணுக்குத் தெரியாத கதிர். அது அறுபடும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். வந்ததா போனதா என்று அதற்குத் தெரியாது, எனவே நாள் முடிவில் இரண்டால் வகுக்க வேண்டும். இருவர் அக்கம்பக்கமாக வந்தால் ஒன்று. கை வீசி நடந்தால் சிலவேளை இரண்டு. ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய, மூன்றரை நான்கு அடி வாசலென்றால் இது காசுக்கு நட்டமில்லை. ரோலிங் சட்டர் முழுவதும் திறக்கும் அகலக் கடைக்கு வேண்டாம்.

நம்பத்தக்கது, வாசலுக்கு நேர் மேலே முகட்டில் பொருத்தி நிலத்தை நோக்கிப் பார்க்கும் இரட்டை லென்ஸ் கருவி. இரண்டு கண்போல் ஆழத்தை அளப்பதால் தலையின் உயரத்தை அறியும், வருகை வேறு, போகை வேறாக எண்ணும், நிழலுக்கு ஏமாறாது. 1.2 மீற்றருக்குக் குறைந்த உயரத்தை விடச் சொன்னால் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு எண்ணும். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் இன்னொரு வகையும் உண்டு; அது இருட்டிலும் வேலை செய்யும், ஆனால் நேர் வெயில் விழும் வாசலில் தடுமாறும்.

வாங்கும்போது பெரும்பாலானோர் தவறும் இடம் ஒன்று. '3 மீற்றர் உயரத்தில் வைத்தால் 6 மீற்றர் அகலம் பிடிக்கும்' என்று விற்பவர் சொல்வது நிலமட்டத்துக்கு. கருவி எண்ணுவது தலையை. 90 பாகை லென்ஸை 3 மீற்றர் உயரத்தில் வைத்தால், 1.6 மீற்றர் உயரத்தில் இருக்கும் தலைக்கும் கருவிக்கும் இடைவெளி 1.4 மீற்றர். தலைமட்டத்தில் கிடைக்கும் அகலம் 2.8 மீற்றர் மட்டும். முகடு 3.5 மீற்றரென்றால் 3.8. உங்கள் வாசல் அதைவிட அகலமென்றால் இரண்டு கருவி வாங்கி இணைக்க வேண்டும், அல்லது ஒரு பக்கத்தில் கண்ணாடி அலுமாரியை வைத்து வாசலை ஒடுக்க வேண்டும். இரண்டாவது மலிவு.

எண்ணும் கோட்டை வாசற்படியில் கீறாமல் அரை மீற்றராவது உள்ளே தள்ளிக் கீறுங்கள். விறாந்தையில் நின்று கண்ணாடிக்குள் பார்ப்பவர், மழைக்கு ஒதுங்குபவர், திறந்து மூடும் கதவு ஆகியவை அப்போது சேராது. கார்த்திகை மழையில் குடையை விரித்தபடி உள்ளே வந்து மடக்குபவர்கள் உண்டு; மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தலையே தெரியாது. குடைவாளியை வாசலுக்கு வெளியே வைத்தால் அந்தப் பிழை பெருமளவு போய்விடும்.

பொருத்திய அன்றே காசைக் கொடுத்துவிடாதீர்கள். ஆறுதலான நேரம் ஒரு அரை மணி, சனம் நெருக்கும் நேரம் ஒரு அரை மணி, ஒரு மழை நாளில் அரை மணி என்று மூன்று முறை கையால் எண்ணிப் பாருங்கள். வருகைக்கு ஒருவர், போகைக்கு ஒருவர். கையால் 212, கருவியில் 201 என்றால் பிழை 5 வீதத்துக்குச் சற்று மேல். கடைக்கு இது பரவாயில்லை. 10 வீதத்தைத் தாண்டினால் பொருத்தியவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். பிறகு அன்றாடம் பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: கடை பூட்டும்போது 'உள்ளே இருப்பவர்' பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் பதினான்கு பேர் உள்ளே படுத்திருப்பதாகக் காட்டினால் போகையை எங்கோ தவறவிடுகிறது.

வேலையாட்களை மறக்க வேண்டாம். பன்னிரண்டு பேர், தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்குமாக ஆளுக்கு ஆறு முறை வெளியே போய்வந்தால் 72 வருகை கூடும். பின்கதவைப் பாவிக்கச் சொல்வதே நல்ல தீர்வு.

கேள்வி: நல்லூருக்குக் கிட்ட ஐஸ்கிறீம் கடை. எண்ணும் கருவி பூட்டி எட்டு மாதம். தாளில் நிறைய எண் வருகிறது, அதை வைத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. உள்ளே வருபவர்களில் கால்வாசிப் பேர்தான் வாங்குகிறார்கள் என்று காட்டுகிறது. உண்மையா?

பதில்: உங்கள் கடைக்கு அந்த வீதம் பிழையான கேள்விக்கு வந்த சரியான விடை. நான்கு பேர் கொண்ட குடும்பம் வந்து ஒரே பில்லில் நான்கு கிண்ணம் எடுத்தால் நான்கு வருகைக்கு ஒரு பில் என்று கணக்குச் சொல்வது 25 வீதம். ஒருவரும் வாங்காமல் போகவில்லை. கூறைச்சேலை எடுக்க ஏழெட்டுப் பேராக வரும் புடைவைக்கடையிலும் இதே கதைதான். ஆகவே வீதம் கூடவா குறைவா என்று பாராமல், அதே வீதம் மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: பகல் 10 முதல் 12 வரை 60 பேர் வருகை, 25 பில். மாலை 5 முதல் 7 வரை 180 பேர், 40 பில். முதலாவது 42 வீதம், அடுத்தது 22. மாலையில் குடும்பமாக வருவது கூட என்பதால் கொஞ்சம் குறையும்தான். ஆனால் பாதியாக விழுந்தால், வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போகிறார்கள் என்றே எடுக்கலாம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் பில் போட இன்னொருவரை நிறுத்தி இரண்டு கிழமை பாருங்கள். வீதம் ஏறினால் காரணம் அதுதான். ஏறாவிட்டால் இருக்கை போதாமலோ, விரும்பிய வகை முடிந்தோ போயிருக்கலாம்.

திருவிழாக் காலத்தை மற்றை நாட்களோடு ஒருபோதும் ஒப்பிடாதீர்கள். போன வருடத்தோடு ஒப்பிடும்போதும் ஆங்கிலத் திகதியைப் பார்த்தால் பிழைக்கும். நல்லூர்க் கொடியேற்றம் பஞ்சாங்கப்படி வருவதால் வருடாவருடம் திகதி நகரும். 25 நாள் திருவிழாவில் கொடியேற்றத்திலிருந்து எத்தனையாவது நாள் என்று போட்டு, ஏழாம் நாளை ஏழாம் நாளோடும் தேரைத் தேரோடும் வைத்துப் பாருங்கள். வீதி மறித்திருக்கும் நாட்களில் வாசலுக்கு வரும் சனத்தின் பாதையே வேறு என்பதையும் குறித்து வையுங்கள். கருவி தரும் தாளில் 'மழை', 'கரண்ட் இல்லை', 'ஹர்த்தால்' என்று கையால் எழுத ஒரு நிரை இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து அந்த எண்கள் ஏன் விழுந்தன என்று உங்களுக்கே நினைவிராது.

கேள்வி: பருத்தித்துறையில் கடற்கரையோரம் சிறிய விடுதி. பகலில் கமரா எல்லாம் ஒழுங்கு. இருட்டியதும் படலைப் பக்கத்துக் கமரா மட்டும் அணைந்து அணைந்து வருகிறது. கமராவை மாற்றியும் பார்த்தாயிற்று.

பதில்: கமரா பிழையில்லை, வயர் பிழை. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்க, கமரா எடுக்கும் மின் கூடுகிறது. 0.5 சதுர மி.மீ. செப்பு வயரில் 40 மீற்றர் ஓட்டம் என்றால் போக வர 80 மீற்றர், ஏறக்குறைய 2.75 ஓம் தடை. 0.7 அம்பியர் ஓடும்போது 1.9 வோல்ற் வழியிலேயே போய், 12 வோல்ற் 10.1 ஆகிறது. கமரா அணையும், அணைந்ததும் சுமை குறைந்து வோல்ற் ஏறும், மறுபடி எழும்பும், விளக்கு எரியும், மறுபடி அணையும். விடியுமட்டும் இதுதான்.

செப்பு பூசிய அலுமினிய வயரென்றால் இழப்பு அதைப்போல் ஒன்றரை மடங்கு. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். இரவில், கமரா பூட்டியபடியே, அதன் முனையில் மல்ரிமீற்றர் வைத்து அளந்து உறுதிப்படுத்துங்கள். சுமையில்லாமல் அளந்தால் 12 காட்டி ஏமாற்றும்.

தீர்வு, தடித்த வயர். அல்லது அந்தக் கமராவுக்குக் கிட்ட தனி மின்வழங்கி. மின்வழங்கிப் பெட்டியிலுள்ள சிறு திருகாணியைத் திருகி வோல்றை ஏற்றுவார்கள் சிலர். 13.2க்கு மேல் போக விடாதீர்கள், கிட்ட இருக்கும் கமராக்கள் அதைத் தாங்க வேண்டும். புதிதாகச் செய்வதென்றால் வலையமைப்பு வயரிலேயே மின் அனுப்பும் பிஓஇ முறை நல்லது. 100 மீற்றர் வரை பயமில்லை.

கடற்காற்றுக்கு இன்னொரு வேலை. இணைப்பு முனைகளைச் சுவரில் தொங்கவிடாமல், தூசும் நீரும் புகாத ஐபி66 தரப் பெட்டிக்குள் போடுங்கள். வயர் பெட்டிக்குள் நுழைய முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஏற்கனவே பச்சை பூத்த முனையைத் துடைத்துப் பயனில்லை, வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: இரவில் கைபேசிக்கு நூற்றுக்கணக்கில் 'அசைவு' எச்சரிக்கை வருகிறது. பார்த்தால் வெள்ளை நூல் ஆடுகிறது.

பதில்: சிலந்தி. அகச்சிவப்பு விளக்குக்கும் சூட்டுக்கும் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்திக்குப் பல்லி வரும். கமராவின் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மீற்றர் தள்ளித் தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றைப் பூட்டினால் வலை அங்கே போய்விடும். அதுவரை மாதம் இருமுறை மென்துணி. டோம் மூடிக்குள் தூசு படிந்தாலும் இரவில் படம் புகைமூட்டமாகும்.

கேள்வி: சுன்னாகத்தில் பலசரக்குக்கடை. எட்டுக் கமரா, 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க். ஒரு மாதம் நிற்கும் என்றார்கள், 11 நாளுக்கு முந்தியது இல்லை.

பதில்: 11 நாள்தான் சரியான கணக்கு. ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 21.6 ஜிபி. எட்டுக்கும் 173. 2,000ஐ அதால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாதம் வேண்டுமென்றால் 6 டெராபைட். காட்சியைச் சுருக்கிப் பதியும் முறை எச்.264இல் இருந்தால் எச்.265க்கு மாற்றுங்கள், அதே தெளிவு குறைந்த இடத்தில் அடங்கும். களஞ்சியம், பின்வளவு போன்றவற்றை அசைவு வந்தால் மட்டும் பதியவிடலாம். காசு லாச்சியையும் வாசலையும் அப்படிச் செய்யாதீர்கள்.

டிஸ்க் கண்காணிப்புக்கென்றே செய்த வகையாக இருக்கட்டும். கணினிக்குரியது இரவு பகல் எழுதிச் சூடாகி இடையில் போய்விடும். அதைவிட மோசம், டிஸ்க் செத்ததே தெரியாமல் இருப்பது. 'பீப்' சத்தம் தொந்தரவென்று நிறுத்தி வைத்திருப்பார்கள். களவு போன அன்றுதான் மூன்று மாதமாக எதுவும் பதியவில்லை என்று தெரியவரும். மாதத்தில் ஒருநாள் முந்தின கிழமைக் காட்சியொன்றைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடை நெல்லியடியில், அண்ணா ரொறன்ரோவில். அவர் அங்கிருந்து பார்ப்பதற்கு ஒழுங்கு செய்து தந்தார்கள். ஆனால் பொருத்திய பையனிடமும் கடவுச்சொல் இருக்கிறது. ஆபத்தா?

பதில்: ஆம். இன்றே மாற்றுங்கள். தலைமைக் கணக்கு உங்களிடம் மட்டும். அண்ணாவுக்குப் பார்க்க மட்டும் அனுமதியுள்ள இன்னொரு கணக்கு. பொருத்தியவருக்குத் தேவைப்படும் நாளில் ஒன்று திறந்து, வேலை முடிய அழித்துவிடுங்கள். வெளியிலிருந்து நேரே உள்ளே வரும் வழியாக ரவுட்டரில் 'போர்ட்' திறந்துவிட்டிருந்தால் மூடச் சொல்லுங்கள். 2016இல் பல பெரிய இணையத்தளங்களை முடக்கிய 'மிராய்' என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களையும் டிவிஆர் எனும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துத்தான் படை திரட்டியது.

படம் இழுத்து இழுத்து வந்தால், அண்ணாவின் செயலியில் தெளிவு குறைந்த துணை ஓடையை (சப் ஸ்ட்ரீம்) தெரிவு செய்யச் சொல்லுங்கள். 512 கிலோபிட்டில் ஒரு கமரா மணிக்கு 230 எம்பி எடுக்கும். நான்கு கமராவை ஐந்து மணி நேரம் திறந்து வைத்தால் 4.6 ஜிபி, கடைச் சிம்மின் டேட்டாவில்.

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை. முகத்தை அடையாளம் கண்டு, வழமையான வாடிக்கையாளர் வந்தால் அறிவிக்கும் கருவி வாங்கலாமா? சட்டம் ஏதாவது இருக்கிறதா?

பதில்: 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆளை அடையாளம் காணக்கூடிய காட்சியும் தனிப்பட்ட தரவுதான். முக அளவு போன்ற உயிரியல் தரவை அது விசேட வகையாக வைத்துக் கூடுதல் கட்டுப்பாடு போடுகிறது. வழமையாக வருபவரை வேலையாள் முகம் பார்த்து வரவேற்கும் ஊரில் அந்தச் சுமையை விலைக்கு வாங்கத் தேவையில்லை. எத்தனை பேர் என்று அறிய, படத்தைச் சேமிக்காமல் எண்ணை மட்டும் அனுப்பும் கருவி போதும்.

கமராவுக்கு: ஏன் பதிகிறீர்கள், யாரைக் கேட்கலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசலில் அறிவித்தல், ஒலிப்பதிவு நிறுத்தம், தேவைக்கு மேல் நாட்கணக்கில் வைத்திருக்காமை. உடை மாற்றும் அறை, கழிப்பறை வாசலுக்குள் கமராவின் பார்வை ஒரு அங்குலமும் போகக்கூடாது. வேலையாட்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

கேள்வி: பொலிஸில் காட்சி கேட்டார்கள். கொடுத்தோம். ஆனால் நேரம் ஒத்துப்போகவில்லை என்றார்கள்.

பதில்: இரண்டரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறதா? அப்படியென்றால் பதிவுப் பெட்டி சீன நேரத்தில் இருக்கிறது. நேர வலயத்தை +5:30 ஆக்கி, இணைய நேரத்தோடு ஒத்துக்கொள்ளும் என்ரிபி வசதியைப் போடுங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் பழைய வருடத்துக்குத் திரும்பினால் உள்ளே நாணயம் போன்ற சிறு பற்றரி முடிந்துவிட்டது.

ஏற்கனவே பிழையான நேரத்தில் பதிந்ததைத் திருத்த முடியாது. மாற்ற முன்னம், டிவிஆர் திரையையும் கைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து, வித்தியாசத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் காட்சியோடு கொடுங்கள். ஒளி, ஒலிப் பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டத் தயாராக இருக்க வேண்டியவர் நீங்கள். திரையைக் கைபேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதற்கு உதவாது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடம் சேர்த்து, பெட்டியின் மூல வடிவிலேயே இரண்டு யூஎஸ்பியில் இறக்குங்கள். அதை ஓட்டும் மென்பொருளையும் கூடவே போடுங்கள். டிஸ்கில் அந்தத் துண்டைப் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் நிறைந்ததும் மேலெழுதப்பட்டுவிடும். வேறொரு கணினியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஒன்றைக் கையளித்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள்.